வன்கொடுமை வழக்குகளில் ஓடுகிறவர்கள் ஓய்ந்துபோகாமல் இருக்க: குழு விதிகளில் என்னென்ன எழுதலாம்?

#1 வைகைக்கரை

தோழர்களுக்கு வணக்கம். மாவட்ட அளவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட (பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைக்கு எதிரான சட்டம்) வழக்குகளைப் பின்தொடரும் ஏழு பேர் குழு ஒன்றுக்கு இரண்டு பக்கத்தில் வேலை விதிகள் எழுத வேண்டியிருக்கிறது. சம்பவ ஊருக்குப் போவது, புகார் எழுதிக் கொடுப்பது, தீருதவிக்கு (பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை) அலைவது, வாய்தாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போவது எல்லாமே இந்த ஏழு பேர்தான்.

விதிகளில் மனநலத்துக்கென்று ஒரு பகுதி வைக்க முடிவாகியிருக்கிறது. "தினமும் தியானம் செய்யவும்" மாதிரி வரிகள் வேண்டாம். எழுதி ஒட்டினால் சுவர்தான் படிக்கும். களப்பயணத்தை எப்படிப் பங்கிடுவது, பிரேதப் பரிசோதனைப் படங்களை யார் பார்ப்பது, ராத்திரி போனை யார் எடுப்பது, இவ்வளவுக்கும் நடுவில் மகிழ்ச்சிக்கு இடம் உண்டா, உண்டென்றால் எங்கே: இதற்கெல்லாம் அளவோடு, கணக்கோடு சொல்லுங்கள்.

#2 வழக்குக்கட்டு

மனநலப் பகுதியை எழுதும் முன்பு வழக்குப் பலகையைச் சரிசெய்யுங்கள். இந்த வேலையில் ஆளைத் தின்பது பெரும்பாலும் கொடூரம் அல்ல, தாமதம். தீர்ப்பு ஒன்றையே வெற்றி என்று வைத்துக்கொண்ட குழு எத்தனை ஆண்டு பட்டினி கிடக்க வேண்டும் என்று பாருங்கள். தருமபுரி மாவட்ட மலைக்கிராமம் வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் பழங்குடி மக்களைத் தாக்கிய சம்பவம் 1992 ஜூன் 20. தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பர் 29. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேருக்கும் தண்டனை. உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு ஆண்டு. அந்த ஊர் மக்களும் உடன் நின்ற மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் அத்தனை காலமும் தீர்ப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் சுவர்ப் பலகையில் ஒரு வரிசை போட்டு, சட்டமே தேதி குறித்துக் கொடுத்திருக்கும் படிகளை எழுதுங்கள்:

எஃப்.ஐ.ஆரில் சரியான பிரிவுகள் விழுந்தது. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் (விதி 7). உடனடி நிவாரணம் ஏழு நாளில். குற்றப்பத்திரிகை 60 நாளில். கொலை வழக்கென்றால் தீருதவியில் பாதி பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மறுபாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். பிறகு மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான செலவு. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பும், பேசும் உரிமையும் (பிரிவு 15ஏ).

இப்படிப் பிரித்தால் ஒரு வழக்கில் பத்துப் பன்னிரண்டு படி வரும். ஒவ்வொன்று நடக்கும்போதும் மூன்று காரியம்: முதலில் குடும்பத்துக்குப் போன், பிறகு பலகையில் தேதி, அன்று சாயங்காலம் டீயோடு வடை. வடை விஷயத்தைச் சிரிப்புக்கு எழுதவில்லை. குழுக் கணக்கில் அதற்கென்று ஒரு தலைப்பே வையுங்கள்.

கெடு தாண்டிய படிகளுக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் புலம்பல் கிடையாது, மனு உண்டு. கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் (விதி 17). சிவப்புகளை ஒரே தாளில் தொகுத்து அதன் நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். கையாலாகாத கோபம்தான் ஆளை அரிக்கும். முகவரி எழுதித் தபாலில் போட்ட கோபம் அவ்வளவு அரிப்பதில்லை.

#3 செந்தாழை

பலகை யோசனை நல்லது. ஆனால் அது ஒருவகை அசதிக்குத்தான் மருந்து. களப்பணியாளர்களிடம் மூன்று வேறு வேறு நிலைகள் வரும். மூன்றையும் "ஸ்ட்ரெஸ்" என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் சிகிச்சை தப்பாகிறது.

ஒன்று, பணிச்சோர்வு. 1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இலவச மருத்துவமனைகளில் தொண்டு செய்தவர்களைப் பார்த்துத்தான் இதை முதலில் எழுதினார். ஆக இது சேவைக்காரர்களின் நோவாகவே பிறந்தது. அடையாளம்: உடல் வற்றிப்போவது, மனுதாரரைப் பார்த்தால் எரிச்சல், "நாம் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு. மருந்து: வேலை அளவைக் குறைப்பது, விடுப்பு, பலகை.

இரண்டு, அடுத்தவர் காயம் நம்மிடம் ஒட்டிக்கொள்வது. கேட்ட வாக்குமூலம் கனவில் வரும். ஒரு குறிப்பிட்ட சாலை, ஒரு வாசனை, ஒரு நிறப் புடவை என்று எதையாவது கண்டால் நெஞ்சு படபடக்கும். சொந்தப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பப் பயமாக இருக்கும். இது மூன்று நாள் பயணத்திலேயே வரலாம். பத்து வருட அனுபவம் தேவையில்லை. விடுப்பு கொடுத்தால் மட்டும் போகாது. வீட்டில் சும்மா இருக்கும்போது கூடவும் செய்யும். பார்க்கும், கேட்கும் அளவைக் குறைப்பதும், நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் உளவியலாளரைப் பார்ப்பதும்தான் வழி.

மூன்று, மனசாட்சிக் காயம். சாட்சிகள் பிறழ்ந்ததற்கு நாம் பாதுகாப்புக் கேட்கத் தவறியது காரணமோ, சமரசக் கூட்டத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோமோ என்று குடைவது. இதற்கு ஓய்வும் உதவாது, மாத்திரையும் உதவாது. நடந்ததை ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டாமல் பேசி, அடுத்த வழக்கில் எந்த நடைமுறையை மாற்றுகிறோம் என்று எழுதி வைத்தால்தான் இறங்கும்.

சுயமதிப்பீட்டுக்கு ப்ரோக்வால் (ProQOL) என்ற 30 கேள்வித் தாள் இலவசமாகக் கிடைக்கிறது. பணி நிறைவு, பணிச்சோர்வு, ஒட்டிய காயம் என்று மூன்று பகுதி, பகுதிக்குப் பத்துக் கேள்வி. 22-உம் அதற்குக் கீழும் குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42-உம் அதற்கு மேலும் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இது நோயறியும் கருவி அல்ல. ஒருவருடைய எண்ணை ஒருங்கிணைப்பாளர் கேட்கவே கூடாது, விதியிலேயே அப்படி எழுதுங்கள். கேட்கத் தொடங்கிய அன்றே எல்லோரும் பொய் எழுத ஆரம்பிப்பார்கள்.

#4 கரிசல்காடு

மன்னிக்கணும் தோழர்களே, இதெல்லாம் வசதிப்பட்டவங்க பேச்சு மாதிரி இருக்கு. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா மருத்துவமனை வாசல்ல உடலை வாங்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கும்போது, ஆபீஸ்ல வடை தின்னுட்டு "மகிழ்ச்சிக்கு இடம்"னு பேசினா ஊர் என்ன நினைக்கும்? அதோட பாதி அமைப்புகள்ல களப்பணியாளருக்கு மூணு மாசம் மதிப்பூதியம் பாக்கி. அதைக் கொடுங்க முதல்ல. கேள்வித்தாள் அப்புறம் நிரப்பிக்கலாம்.

#5 வழக்குக்கட்டு

ஊதியம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சம்பளப் பாக்கி வைத்துவிட்டு மனநலப் பயிலரங்கு நடத்துவது ஏமாற்று. விதியின் முதல் வரியாக அதையே போடலாம்: மதிப்பூதியம் 5-ஆம் தேதிக்குள், பயணப்படி பயணத்துக்கு முன்பாகவே கையில்.

வடையைப் பற்றி ஒத்துக்கொள்ள மாட்டேன். உடலை வாங்காமல் போராடும் நாளில் யாரும் வடை தின்னச் சொல்லவில்லை. துக்கத்தில் பங்கெடுப்பது வேறு, துக்கத்தையே வேலைக்கான தகுதிச் சான்றாக ஆக்கிக்கொள்வது வேறு. இரண்டாவது பழக்கம் பிடித்த குழுவில் சிரிக்கிறவரைப் பார்த்து மற்றவர் முறைப்பார். ஆறு மாதத்தில் இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கழன்றுகொள்வார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களே துக்கத்தில் நிலையாகக் குடியிருப்பதில்லை. அந்த வீட்டிலும் காதுகுத்து வரும், மஞ்சள் நீராட்டு வரும், தங்கச்சி கல்யாணம் வரும். பத்திரிகை வைப்பார்கள். நம் ஆட்கள் சாவுக்கும் நினைவு நாளுக்கும் தவறாமல் போவார்கள், கல்யாணத்துக்கு "வாய்தா இருக்கு" என்று நழுவுவார்கள். விதியில் எழுதுங்கள்: குடும்பம் அழைக்கும் விசேஷத்துக்குக் குறைந்தது இருவர் போக வேண்டும், மொய் எழுத வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும். அங்கே வழக்கைப் பற்றி நாமாக ஒரு சொல் எடுக்கக் கூடாது. நம்மைக் கண்டதும் அந்த வீட்டுக்காரருக்குப் பிணவறை ஞாபகம் மட்டுமே வருகிறதென்றால், அவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

#6 நடைவண்டி

கேட்ட அளவுகளுக்கு வருகிறேன். உண்மை அறியும் பயணத்துக்கு ஐந்து பேர் போதும்: கேட்பவர், எழுதுபவர், ஆவணம் மற்றும் படம் எடுப்பவர், பெண்களோடு தனியே அமர்பவர், வண்டி-சாப்பாடு-போன் பார்ப்பவர். ஐந்தாவது ஆளைச் செலவு மிச்சம் என்று வெட்டுவார்கள். அங்கேதான் எல்லாம் கெடும். அவர் இல்லாவிட்டால் கேட்பவரே டிரைவரோடு பேரம் பேசி, நிருபருக்குப் பதில் சொல்லி, மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குப் பிஸ்கட்டாகத் தின்பார்.

ஒருவர் ஒரு நாளில் விரிவான வாக்குமூலம் மூன்றுக்கு மேல் கேட்க வேண்டாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி, அந்த நேரத்தில் நடக்க வேண்டும், குறிப்பைத் திருத்திக்கொண்டு உட்காரக் கூடாது. நான்காவது வாக்குமூலத்தில் தேதி தவறும், பெயர் மாறும், "இது ஏற்கனவே சொன்னீங்களே" என்று வாயில் வரும். களைப்பு அறிக்கையில் பிழையாக இறங்கி, குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீனியாகிவிடும். மனநலத்துக்காக இல்லாவிட்டாலும் வழக்குக்காக இந்த வரம்பு வேண்டும்.

ஒரே பெண்ணிடம் நான்கு அமைப்புகள் தனித்தனியே போய் அதையே கேட்பது அவருக்கும் வதை, கேட்பவருக்கும் வீண். முதலில் போகும் குழு அவருடைய சம்மதத்தோடு ஒரே பதிவு எடுத்து மற்றவர்களோடு பகிரட்டும். பாலியல் குற்றம் என்றால் பெயர், ஊர், முகம் எதுவும் வெளியே போகக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72 அதைக் குற்றமாக்குகிறது.

வாக்குமூலம் கேட்டவர் அடுத்தடுத்த இரண்டு சம்பவ ஊர்களுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு சுற்று அவருக்கு அலுவலக வேலை: நகல் மனு, கடிதம், கோப்பு.

திரும்பும் வழியில், ஊர் எல்லை தாண்டி வண்டியை நிறுத்தி, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு முப்பது நிமிடம் கூடி, ஒவ்வொருவரும் தாம் கண்டதையும் கேட்டதையும் முழுதாகக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும்.

#7 செந்தாழை

நடைவண்டி தோழர் சொன்னதில் கடைசி வரியை மட்டும் மாற்ற வேண்டும். சம்பவத்தன்றே எல்லோரையும் உட்காரவைத்து விவரமாகச் சொல்லச் சொல்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. ஒரே அமர்வில் கட்டாயமாக நடத்தப்படும் அந்த மாதிரிக் "கொட்டல்" பின்னாளைய பாதிப்பைத் தடுத்ததற்கு ஆதாரம் இல்லை. சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியும் இருக்கிறது. காரணம் எளிது. ஐந்து பேர் ஐந்து விதமான கொடூரத்தைப் பார்த்திருப்பார்கள். கூட்டம் முடியும்போது ஒவ்வொருவர் தலையிலும் ஐந்தும் இருக்கும்.

முப்பது நிமிடக் கூட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியை மாற்றுங்கள். ஆவணம், மெமரி கார்டு, குறிப்பேடு எல்லாம் பத்திரமா? நாளைக்கு அவசரம் எது, யார்? இன்றிரவு யார் தனியாக இருக்கப் போகிறார்கள், யாராவது கூட இருக்க வேண்டுமா? இவ்வளவுதான். பேச விரும்புகிறவர் தனியாக ஒருவரிடம் பேசலாம். கேட்பவர் துருவக் கூடாது. பார், கேள், இணை என்ற உளவியல் முதலுதவி முறை பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, பணியாளருக்கும் பொருந்தும்.

சாப்பிட்டுவிட்டுப் போவது மிகச் சரி. முடிந்தால் வீட்டுக்குள் நுழைந்ததும் குளித்துத் துணி மாற்றுங்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே தண்ணீர் ஊற்றும் பழக்கத்துக்குத் தீட்டு என்ற கெட்ட விளக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குளியலை வைத்துக்கொள்ளலாம், உடம்புக்கு "வேலை முடிந்தது" என்று புரியும்.

#8 படச்சுருள்

படங்களைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இப்போது ஒட்டிய காயம் பெரும்பாலும் களத்தில் வருவதில்லை, வாட்ஸ்அப்பில் வருகிறது.

முதல் வேலை: குழுவில் எல்லோர் போனிலும் படம், காணொளி தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். காலையில் பல் துலக்கிக்கொண்டே போனைத் திறந்தால் வெட்டுப்பட்ட உடல் தெரிவது ஆயத்தமில்லாத மனதில் ஆழமாக இறங்கும். அனுப்புகிறவர் படத்துக்கு முன்னால் ஒரு வரி எழுத வேண்டும்: என்ன படம், எந்த அளவு கடுமை, யார் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரிலேயே "கடுமை-1", "கடுமை-2", "கடுமை-3" என்று குறியுங்கள். தேடும்போது தவறித் திறக்கமாட்டீர்கள்.

வழக்குக்கு ஒருவர் மட்டும் படக்காப்பாளர், மாதம் ஒருமுறை மாறட்டும். அவர் படத்தைத் திறக்கும் முன்பு எதைத் தேடுகிறார் என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: காயங்களின் எண்ணிக்கை பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு பொருந்துகிறதா, கையில் கட்டிய தடம் உண்டா என்று. கேள்வியோடு பார்ப்பவர் கண் வேலை செய்யும். கேள்வியில்லாமல் பார்ப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு அந்த முகம் போகாது.

சன்னல் சிறியதாக, கறுப்பு வெள்ளையில், காணொளி என்றால் முதலில் ஒலியை அணைத்து. ஒலிதான் படத்தைவிட அதிகம் தங்கும்; கேட்டே ஆக வேண்டும் என்றால் படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ஒரே மூச்சில் இருபது நிமிடம், பிறகு பத்து நிமிடம் எழுந்து வெளியே. இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம், படுக்கையில் வேண்டவே வேண்டாம், சொந்தப் போனிலும் வேண்டாம். அறையில் இன்னொருவர் இருக்கட்டும். அவர் திரையைப் பார்க்கத் தேவையில்லை.

பார்த்து முடித்த பிறகு கண்ணுக்கும் கைக்கும் வேலை கொடுக்கும் விளையாட்டு எதுவானாலும் உதவும். டெட்ரிஸ் போன்ற அடுக்கு விளையாட்டு ஊடுருவும் காட்சிகளைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேரம் போர்டு பற்றி ஆய்வு எதுவும் கேட்காதீர்கள், ஆனால் அலுவலகத்தில் ஒன்று இருக்கட்டும்.

#9 அடிக்குச்சி

மகிழ்ச்சி என்ற தலைப்பில் வேலை நடைமுறையாகவே போய்க்கொண்டிருக்கிறது. கொஞ்சம் தாளம் போடுவோம்.

வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், பறைப் பயிற்சி. ஏன் பறை என்றால் அது உடம்பு முழுவதையும் கேட்கும்: இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி, தோளில் வாரும் வளையமும், காலில் அடவு. மூன்றும் சேராமல் தாளம் வராது. சேரும்வரை வேறு நினைப்புக்கு மண்டையில் இடமில்லை. தோலை நெருப்பில் காய்ச்சி ஏற்றும் கால் மணி நேரம்தான் உண்மையான அரட்டை நேரம், அதை அவசரப்படுத்தாதீர்கள். காயாத பறை தொப்தொப்பென்று அடிக்கும், அதிகம் காய்ந்தால் தோல் கிழியும். மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி காய்ச்ச வேண்டிவரும்.

ஆறு பேருக்கு மேல் ஒரே ஆசான் சமாளிப்பது கடினம். முதல் இரண்டு மாதம் மேடை, நிகழ்ச்சி, ஊர்வலம் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துக்கொண்டால் அதுவும் இன்னொரு வேலையாகிப்போகும். நம் அமைப்புகளில் நல்ல பொழுதுபோக்குகள் சாகும் வழி இதுதான்: யாராவது "இதை ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கு மேடையேற்றலாமே" என்பார். பாட்டு, நாடகம், கால்பந்து எதற்கும் இதே எச்சரிக்கை.

#10 மலைச்சாரல்

பறையில் ஒரு நெருடல் இருக்கிறது, சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய கட்டாய வேலை. அதை மறுத்ததற்காகவே அடி வாங்கிய, ஒதுக்கிவைக்கப்பட்ட சேரிகள் உண்டு. பறையைத் தொட மாட்டோம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் உண்டு. இன்னொரு பக்கம் அதே கருவியை விடுதலை இசையாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. எந்த ஊரில் எந்த நிலை என்று தெரியாமல் "எல்லோரும் பறை கற்போம்" என்று சம்பவ ஊரில் போய் நின்றால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். குழுவுக்குள்ளேயே ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் வேறொன்றை எடுங்கள்.

அதோடு இந்த இழையில் இதுவரை பேசாத ஒரு கணக்கு. குழுவில் எல்லோருக்கும் ஒரே பாரம் இல்லை. தலித் அல்லாத தோழர் சம்பவ ஊரிலிருந்து வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வன்கொடுமை இல்லை. தலித் தோழருக்கு அவர் தெருவிலேயே அதே டீக்கடை, அதே கோயில் தேர், அதே பார்வை. அவர் "வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே" என்ற அறிவுரையைக் கேட்டால் சிரிப்பார். பெண்களிடம் வாக்குமூலம் கேட்க வேண்டும் என்றால் குழுவில் இருக்கும் ஒரே தலித் பெண்ணையே ஒவ்வொரு முறையும் அனுப்புவதும் நடக்கிறது. ஏழு பேர் குழுவில் பாலியல் வன்கொடுமை வாக்குமூலம் எல்லாம் ஒருவர் தலையிலேயே விழும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை களப்பதிவேட்டை எடுத்து, யார் எத்தனை வாக்குமூலம், எத்தனை பிணவறை, எத்தனை கலெக்டர் ஆபீஸ் என்று எண்ணுங்கள். எண்ணாதவரை எல்லோரும் சமமாகச் சுமப்பதாகவே தோன்றும். ஒரே பெண்தான் இருக்கிறார் என்றால் பக்கத்து மாவட்ட அமைப்போடு ஆள் மாற்று ஒப்பந்தம் போடுங்கள். தலித் தோழர்கள் மட்டும் கூடிப் பேச மாதம் ஒரு கூட்டம் இருக்கட்டும், அதன் குறிப்பு யாருக்கும் போக வேண்டியதில்லை. மற்றவர்கள் இதில் மனம் கோணக் கூடாது.

#11 கரிசல்காடு

மலைச்சாரல் அக்கா சொன்னதைத்தான் நான் வேற மாதிரி சொல்ல வந்தேன். சரி, இப்ப ராத்திரி போனுக்கு வாங்க. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்புறம், இந்த டீ, வடை, பயிற்சி, உளவியலாளர் எல்லாத்துக்கும் காசு எந்தத் தலைப்புல?

#12 நடைவண்டி

போனுக்குத் தனி சிம், தனி கருவி. குடும்பங்களிடம் அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். பணியாளரின் சொந்த எண் போகக் கூடாது. ஏழு பேர் என்றால் ஆளுக்கு ஒரு வாரம், வாரம் ஞாயிறு மாலை கைமாற்று. தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவரிடமே இருந்தால் மணி அடிக்காதபோதும் அடிப்பது போலக் கேட்க ஆரம்பிக்கும்.

வரும் அழைப்புகள் மூன்று வகை. உயிருக்கு ஆபத்து: ஊருக்குள் ஆட்கள் திரண்டிருக்கிறார்கள், மிரட்டல், வீட்டில் கல்லெறி. உடனே 112, டி.எஸ்.பி. அலுவலகம், பிறகு குழுவில் இன்னொருவர். எந்த நேரத்தில் யாரிடம் சொன்னோம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, தகவல்: வாய்தா எப்போது, பணம் வந்ததா. "காலை பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, பத்து மணிக்குக் கட்டாயம் கூப்பிட வேண்டும். கூப்பிடத் தவறினால்தான் மறுநாள் இரவு மறுபடி அடிக்கும். பணியாளர் இல்லாத நேரத்துக்கு 14566 என்ற தேசிய வன்கொடுமை உதவி எண்ணையும் குடும்பத்துக்குச் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, துக்கம். தூக்கம் வராமல் அழுகிறார். பத்துப் பதினைந்து நிமிடம் கேளுங்கள், தீர்வு சொல்லாதீர்கள். தற்கொலைப் பேச்சு வந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டாரையாவது எழுப்ப வேண்டும், 14416 டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணோடு இணைக்க வேண்டும். அது இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். குழு உறுப்பினருக்கும் அதே எண்தான்.

#13 கணக்குப்பிள்ளை

காசு பற்றி. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புக்கு நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம் சொல்கிறது. ஆகவே பணியாளர் நலத்தை நிர்வாகத்தில் போட்டால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். உளவியலாளர் கட்டணம், பயிலரங்கு ஆகியவற்றைத் திட்டச் செலவுக்குள் "களப்பணியாளர் பயிற்சியும் மேற்பார்வையும்" என்று திட்ட முன்மொழிவிலேயே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். எது எந்தத் தலைப்பில் நிற்கும் என்று தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வருடக் கடைசியில் கேட்காதீர்கள்.

உள்ளூர்ச் சந்தாவில் நடக்கும் சிறிய குழு என்றால், ஆளுக்கு மாதம் 300 ரூபாய் என்று ஏழு பேருக்கு 2,100 ஒதுக்கினாலே டீ, வடை, கல்யாண மொய், பறை ஆசானுக்குப் போக்குவரத்து ஓரளவு அடங்கும். மொய்யைத் தனிநபர் பையிலிருந்து போட விடாதீர்கள். வசதியில்லாதவர் அதனாலேயே விசேஷத்துக்கு வராமல் இருப்பார். உளவியலாளருக்குத் தனியே பணம் இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசுத் தலைமை மருத்துவமனையில் இருப்பார். ஒருங்கிணைப்பாளர் ஒருமுறை நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டால், பிறகு யார் போனாலும் ஓ.பி. சீட்டு வரிசையில் திணற வேண்டியிருக்காது.

விடுப்பு: பெரிய சம்பவப் பயணம் முடிந்த மூன்றாம் நாள் கட்டாய விடுப்பு. மறுநாள் கொடுத்தால் அறிக்கை வேலை பாக்கியிருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள்.

#14 வைகைக்கரை

ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டது, நன்றி. ஒன்றே ஒன்று பாக்கி. தீர்ப்பு நாள். விடுதலை என்று வந்துவிட்டால் குழு நொறுங்குகிறது. தண்டனை என்று வந்தாலும் வினோதமாக அன்றிரவே சிலர் உடைந்துபோகிறார்கள். அதற்கு விதி எழுத முடியுமா?

#15 வழக்குக்கட்டு

முடியும், ஆனால் தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்பே எழுத வேண்டும். இரண்டு தாள் தயார் செய்யுங்கள், ஒன்று தண்டனைக்கு, ஒன்று விடுதலைக்கு. இரண்டிலும் முதல் வரி ஒன்றே: தீர்ப்பு வாசித்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு. பிரிவு 14ஏ-யின்படி மேல்முறையீட்டுக்கு 90 நாள், நகல் தாமதமானால் கெடு கையைவிட்டுப் போகும். விடுதலை என்றால் அழுகைக்கு நடுவிலும் ஒருவர் நகல் பிரிவில் நிற்பார். அவர் யார் என்று முன்பே பெயர் குறித்திருக்க வேண்டும்.

பேட்டி ஒருவர் மட்டும், முன்பே எழுதிய நான்கு வரி. குடும்பம் பேச விரும்பினால் அவர்கள் பேசட்டும், மைக்கை அவர்கள் வாயில் திணிக்க யாரையும் விடாதீர்கள்.

குடும்பத்தையும் குழுவையும் ஒரே வண்டியில் திருப்பிக் கூட்டிப்போங்கள். எதிர்த்தரப்பு உறவினர்கள் நீதிமன்ற வாசலில் பட்டாசு வெடிக்கலாம், கூச்சல் போடலாம். பின்வாசல் வழியாகப் போகப் போலீஸ் பாதுகாப்பை முதல் நாளே எழுதிக் கேளுங்கள், பிரிவு 15ஏ அந்த உரிமையைத் தருகிறது. தண்டனை என்றாலும் ஊருக்குள் கொண்டாட்டம் வேண்டுமா என்று குடும்பத்தைக் கேட்டே முடிவு செய்யுங்கள். மறுநாளும் அதே தெருவில் நடக்கப் போகிறவர்கள் அவர்கள்.

தண்டனைக்குப் பிறகு உடைவது வினோதம் இல்லை. பத்து வருடம் இறுக்கிப் பிடித்திருந்தது ஒரே நாளில் தளர்கிறது, காரணம் கேட்டுக் குடையாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் அந்த வழக்கில் ஓடியவருக்குப் புது வழக்குக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

#16 செந்தாழை

இரண்டு தாளோடு மூன்றாவது ஒன்றும் தயார் செய்யுங்கள்: தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டால். மூன்றிலும் அதுதான் அதிகம் நடக்கும், அதற்குத்தான் யாரும் ஆயத்தமாகப் போவதில்லை. குடும்பம் கூலியை விட்டு வந்திருக்கும், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் குழுவிடம் இருக்க வேண்டும். அடுத்த வாய்தா தேதியை நீதிமன்றத்தை விட்டுக் கிளம்பும் முன்பே குறித்து, அன்று வருகிறவர் யார் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். இன்று வந்தவரே மறுபடி வர வேண்டாம்.